பதினைந்தாம் பிரிவின் சொல்லும் பொருளும்

நூலாராய்ச்சி என்றவுடன் காப்பியத்தையோ சிறுகதையையோ கையில் எடுப்பது நம் ஆசிரியர் வழக்கம். நாடாளுமன்றம் இயற்றும் சட்டமும் சொல்லால் ஆனதே. அதற்கும் எழுவாய் உண்டு, பயனிலை உண்டு. உரைகாரர் இன்றிப் பொருள் விளங்காத இடங்களும் உண்டு. ஆகவே, 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டத்தின் பதினைந்தாம் பிரிவை வழக்கறிஞர் கண்கொண்டன்றித் தமிழாசிரியர் கண்கொண்டு படிக்கத் துணிகிறேன். மலாய்ப் பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டி நாம் 'ஆக்கு' என்று வழங்குவது இச்சட்டத்தையே. தமிழில் 'ஆக்கு' என்பது ஏவல் வினை. சட்டமோ ஆக்கியதினும் விலக்கியது மிகுதி.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியவள் ஒரு பெண். எங்கள் தோட்டப் பள்ளியில் படித்தவள். இன்று பல்கலைக்கழக மாணவி. தீபாவளி விடுமுறையில் வீட்டுக்கு வந்தவளிடம், "கழகக் கூட்டங்களுக்குப் போவதுண்டா அம்மா?" என்று கேட்டேன். "இல்லை ஐயா. எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே என்று அப்பா சொல்லித்தான் அனுப்பினார்" என்றாள். அவள் வாக்களிக்கும் வயதினள். 2019இல் அரசமைப்பைத் திருத்தி வாக்குரிமை வயதைப் பதினெட்டாகக் குறைத்தது நம் நாடாளுமன்றம். நாட்டை ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கும் கை, ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்திட அஞ்சுகிறது. இவ்வச்சம் எச்சொற்களிலிருந்து பிறந்தது?

1974ஆம் ஆண்டு இறுதியில் கெடா மாநிலத்துப் பாலிங் வட்டாரத்தில், ரப்பர் விலை வீழ்ச்சியால் நொந்த சிறுதோட்டக்காரர்கள் திரண்டனர். அவர்களுக்காகத் தலைநகரில் மாணவர்கள் ஊர்வலம் போயினர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். மறு ஆண்டே சட்டம் இறுக்கப்பட்டது. பால்மரத்தை நம்பி வாழ்ந்த நம்மவர் இதனை மறந்துவிட்டோம்: அன்று மாணவர் வாய் திறந்தது பால் விலைக்காக.

1975ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, துணைவேந்தரின் எழுத்துமூல இசைவின்றி மாணவர் எவரும் எச்சங்கத்திலும், அரசியல் கட்சியிலும், தொழிற்சங்கத்திலும் உறுப்பினராதல் கூடாது. இதற்கு அடுத்து வருவதே நாம் ஊன்றி நோக்கத்தக்க தொடர். கட்சிக்கோ தொழிற்சங்கத்துக்கோ ஆதரவு, பரிவு, எதிர்ப்பு ஆகியவற்றைத் தெரிவிப்பதாகப் 'பொருள்கொள்ளப்படக்கூடிய' எதனையும் மாணவர் சொல்லவும் கூடாது, செய்யவும் கூடாது.

முதலில் அம்மூன்று பெயர்ச்சொற்களைக் காண்போம். ஆதரவு ஒரு பக்கம், எதிர்ப்பு மறு பக்கம். இடையில் நிற்பவனுக்கேனும் இடமுண்டோ எனில், 'பரிவு' என்னும் சொல் வந்து அதனையும் அடைத்துவிடுகிறது. பரிவு செயலன்று, உள்ளத்து நிகழ்வு. தாயும் தந்தையும் மாதந்தோறும் சங்கச் சந்தா கட்டும் லயத்து வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன பிள்ளை, அச்சங்கத்தின்பால் பரிவு காட்டாமலிருப்பது எங்ஙனம்? மூன்றையும் நீக்கினால் எஞ்சுவது மௌனம் ஒன்றே. அதற்கும் எவரேனும் பொருள்கொள்ளலாம்.

இனி வினைச்சொல். 'பொருள்கொள்ளப்படக்கூடிய' என்பது செயப்பாட்டு வினை. ஐந்தாம் வகுப்பு மாணவன் இப்படி எழுதினால் "யாரால்?" என்று ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்போம். பொருள்கொள்பவர் யார்? சொன்ன மாணவனா, கேட்ட தோழனா, துணைவேந்தரா? சட்டத்தின் முழு வலிமையும் அம்மறைந்த வினைமுதலிடம் இருக்கிறது. திருக்குறளுக்குப் பழைய உரைகள் பத்து என்பர். பரிமேலழகர் உரை பிடிக்காதவன் மணக்குடவரிடம் போகலாம். இங்கோ உரைகாரர் ஒருவரே. அவர் கையில் தண்டனையும் இருந்தது.

நான் இதனைப் புத்தகத்தில் மட்டும் கற்றவனல்லேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளுக்கு 1976ஆம் ஆண்டுக் கல்வி நிலையங்கள் (ஒழுங்கு) சட்டம் இதே வாசகங்களை ஏறக்குறைய அப்படியே பெயர்த்து வைத்திருந்தது. நான் பயிற்சி பெற்ற காலத்தில் அருகிலிருந்த தோட்டமொன்று கைமாறியது. சில குடும்பங்கள் வீடிழந்து நின்றன. அரிசியும் பணமும் திரட்டித் தருவோம் என்று நாங்கள் சிலர் முனைந்தோம். விடுதிக் காப்பாளர் நல்லவர்தாம். "அந்தக் குடும்பங்களுக்காகப் பேசுவது தொழிற்சங்கம், நீங்கள் கொடுக்கும் அரிசிக்கு வேறு பொருள் சொல்லிவிடுவார்கள், அனுமதி கேட்டு எழுதுகிறேன், பொறுங்கள்" என்றார். எழுதவும் செய்தார். அனுமதி வந்தபோது அக்குடும்பங்கள் எங்கு போயின என்று சொல்வார் எவருமில்லை.

அரசுத் தரப்பின் வாதத்தை இகழ்ந்து ஒதுக்குதல் முறையன்று. பிள்ளைகள் படிக்க அனுப்பப்பட்டவர்கள். மக்கள் வரிப்பணத்தில் படிப்போர் வெளிக்கட்சிகளின் கருவியாதல் ஆகாது என்பதே அது. பட்டணத்துப் பிள்ளை ஓராண்டு இழந்தால் மீண்டுகொள்வான். தோட்டத்துப் பிள்ளை இழந்தால் குடும்பமே இழக்கும் என்பதைத் தலைமையாசிரியன் நான் அறிவேன். ஆயினும் வாதம் நெடுகிலும் 'மாணவர் அரசியலில் ஈடுபடலாமா?' என்னும் வினாவே முன்னின்றது. 'பொருள்கொள்பவர் யார்?' என்பது பின்னே தள்ளப்பட்டது. அதுவே அவ்விவாதங்களின் பெருங்குறை என்பது என் கருத்து.

2009இல் நடப்புக்கு வந்த திருத்தம் குற்றவியல் தண்டனையை நீக்கி, ஒழுங்கு நடவடிக்கையோடு நிறுத்தியது. அது நன்று. மூல வாசகத்தில் 'நியாயமாக' என்றோர் அடையும் சேர்ந்தது: 'நியாயமாகப் பொருள்கொள்ளப்படக்கூடிய.' அடை வந்ததேயன்றி வினைமுதல் வெளிப்படவில்லை. மறு ஆண்டு ஏப்ரலில், கமலநாதன் வென்ற உலு சிலாங்கூர் இடைத்தேர்தலின்போது, மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் பயின்ற மாணவர் நால்வர் இவ்விதியின் கீழ் ஒழுங்கு விசாரணைக்கு இழுக்கப்பட்டனர். அரசியலைப் பாடமாகப் படிப்பவன் தேர்தலைப் போய்ப் பார்த்தால் அஃது ஆதரவா, கல்வியா? தாவரவியல் மாணவன் காட்டுக்குள் போகலாகாது என்பது போன்றதே இது.

அந்நால்வரும் நீதிமன்றம் சென்றனர். 2011 அக்டோபர் 31ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம், இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில், அவ்விதி அரசமைப்பின் பத்தாம் பிரிவு தரும் பேச்சுரிமைக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. பல்கலைக்கழகம் சிந்தனையாளரை வளர்க்கும் இடம், இயந்திர மனிதரைப் பழக்கும் இடமன்று என்னும் கருத்தை நீதிபதி ஹிஷாமுடின் தம் தீர்ப்பில் எழுதினார்.

2012 ஏப்ரலில் நாடாளுமன்றம் மீண்டும் கூடி விவாதித்து, மாணவர் கட்சியில் சேரலாம் என்றது. ஆனால் வளாகத்துக்குள் கட்சி நடவடிக்கை கூடாது என்றது. வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல் கருத்தையும் கழற்றி வைக்கவேண்டியதாயிற்று. 2018 டிசம்பரில், சட்டத்தை நீக்குவோம் என்று தேர்தலில் வாக்களித்து வந்த அரசு, நீக்காமல், அவ்வளாகத் தடையை மட்டும் அகற்றியது. தனியார் உயர்கல்விச் சட்டத்திலும், முன்சொன்ன 1976ஆம் ஆண்டுச் சட்டத்திலும் உடன் திருத்தம் செய்யப்பட்டது. மாணவர் அமைப்புகள் தம் நிதியைத் தாமே கையாள வழிசெய்த திருத்தம் 2024இல் வந்தது. அரிசி திரட்டப் போன எங்களுக்கு அது முப்பது ஆண்டு பிந்திவிட்டது.

இவற்றையெல்லாம் அப்பெண்ணுக்கு எடுத்துச் சொன்னேன். 2018ஆம் ஆண்டுத் திருத்தம் தொடாத ஒரு பத்தியையும் படித்துக் காட்டினேன். மாணவர் நலனுக்கோ பல்கலைக்கழக நலனுக்கோ 'தீடாக் செசுவாய்', அதாவது பொருத்தமற்றது, என்று ஆட்சிக்குழு முடிவுசெய்யும் சங்கத்தில் மாணவர் சேரலாகாது என்பது அப்பத்தி. கட்சியைப் பொறுத்தவரை மூன்று சொற்கள் போயின. ஒரு சொல் நின்றது. இம்முறை வினைமுதல் மறையவில்லை, ஆட்சிக்குழு என்று தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. அவ்வளவில் இலக்கணம் திருந்தியிருக்கிறது.

அவள் பத்தியை இருமுறை படித்துவிட்டு, "எது பொருத்தமற்றது என்று முன்கூட்டியே பட்டியல் தருவார்களா ஐயா?" என்று கேட்டாள்.