பாஸனை ஆடிக் காட்டிய சிறு குழுக்கள்

பழைய சமஸ்கிருத நாடகாசிரியர் பாஸனுடையவை என்று சொல்லப்படும் பதின்மூன்று நாடகங்களும் அச்சைப் பார்த்தது 1912-இலிருந்துதான். பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில் மணலிக்கரை மடத்தில், மலையாள எழுத்தில் இருந்த ஓலைக்கட்டு ஒன்றைக் கண்டெடுத்தவர் கணபதி சாஸ்திரி. திருநெல்வேலிச் சீமையில் பிறந்து திருவனந்தபுரத்தில் வேலை பார்த்தவர். மடம் இருந்த இடம் அன்று திருவிதாங்கூர். இன்று நம் கன்னியாகுமரி மாவட்டம். ஏடுகளில் ஆசிரியர் பெயர் இல்லை. உண்மையில் பாஸன் எழுதியவையா, கேரளக் கோயில் நடிகர்களான சாக்கியார்கள் தங்கள் கூடியாட்டத்துக்கென்று வெட்டித் தைத்து வைத்துக்கொண்ட பிரதிகளா என்று பண்டிதர்கள் மோதிக்கொண்டார்கள். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

நாடகக்காரர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் கண்ணில் பட்டது வேறு. இவற்றில் பல ஓரங்க நாடகங்கள். மகாபாரதக் கதை என்பதால் பாட்டிமார்களுக்கும் புரியும். திரைச்சீலையும் மாளிகை செட்டும் வேண்டாம். இரண்டு அடி நடந்தால் காடு வந்துவிடும். கையில் காசில்லாத குழுவுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் துணிச்சல் வர நாளாயிற்று. ஐரோப்பிய யதார்த்த மேடையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு சமஸ்கிருத நாடகம் மேடையேறாத காவியமாகவே பட்டது. அந்தப் பிரமையை முதலில் உடைத்தவர்களில் ஹபீப் தன்வீர் முக்கியமானவர். 1958-இல் டெல்லியில் சூத்ரகனின் மிருச்சகடிகத்தை ‘மிட்டி கி காடி’ என்ற பெயரில் போட்டபோது, சத்தீஸ்கரின் நாட்டுப்புற நாடகமான நாச்சாவின் கலைஞர்களையும் கூட்டிவந்து நடிக்க வைத்தார். (பாஸனின் சாருதத்தம் இதே கதையின் முற்பகுதிதான்.) நாச்சாக்காரர் ஒரு சுற்று நடந்து ‘ஊர் வந்துவிட்டது’ என்றால் கிராமத்தார் நம்புவார்கள். சமஸ்கிருத நாடகம் கேட்பதும் அதே நம்பிக்கையைத்தான். மறு வருடமே அவர் ‘நயா தியேட்டர்’ குழுவைத் தொடங்கினார்.

பாஸனையே குழுவின் உயிராக வைத்துக்கொண்டவர் காவாலம் நாராயணப் பணிக்கர். குட்டநாட்டுக்காரர், வக்கீலாக இருந்தவர், கவிஞர். திருவனந்தபுரத்தில் அவர் நடத்திய ‘சோபானம்’ குழு மத்தியம வியாயோகம், கர்ணபாரம், ஊருபங்கம் என்று வரிசையாக எடுத்து, பெரும்பாலும் சமஸ்கிருதத்திலேயே ஆடியது. மொழி தெரியாதவர்களும் உட்கார்ந்து பார்த்தார்கள் என்றால் காரணம் தாளம். களரிப் பயிற்சி பெற்ற உடம்பு, கேரளக் கோயில் இசையான சோபான சங்கீதத்தின் இழுப்பு, செண்டை எல்லாம் சேர்ந்து அர்த்தத்தைக் கொண்டு சேர்த்தன.

மத்தியம வியாயோகத்தின் முடிச்சையே பாருங்கள். பிராமணக் குடும்பம் ஒன்றைக் கடோத்கசன் மறிக்கிறான். தாய் இடும்பியின் நோன்புக்கு ஓர் ஆள் வேண்டும். மூத்தவனை அப்பா விடமாட்டார், இளையவனை அம்மா விடமாட்டாள். நடுப்பிள்ளை தானே போகச் சம்மதித்து, கடைசியாகத் தண்ணீர் குடித்துவிட்டு வரப் போகிறான். நேரமாகவே கடோத்கசன் ‘நடுவிலானே!’ என்று கூப்பிடுகிறான். வந்து நிற்பவனோ குந்தி பெற்ற மூவரில் நடுவனான பீமன், அவனுடைய அப்பன். பக்கம் பக்கமாக வசனம் எழுத வேண்டிய இடத்தை ஒரு கூவலில் முடித்துவிடுகிறார் பாஸன். நடிகனின் தொண்டையை நம்பி எழுதியவர் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஊருபங்கம் இன்னும் கனமானது. தொடை நொறுங்கிக் கிடக்கும் துரியோதனனிடம் அவன் மகன் துர்ஜயன் ஓடிவந்து மடியில் உட்காரப் பார்க்கிறான். தகப்பன் தடுக்கிறான், காரணத்தைப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? மேடையிலேயே அவன் உயிரும் பிரிகிறது. மேடையில் சாவு கூடாது என்ற நாட்டிய மரபைப் பாஸன் பொருட்படுத்தவில்லை. பணிக்கர் இதில் வட கேரளத்துச் சடங்காட்டமான தெய்யத்தைக் கொண்டுவந்து, துரியோதனனுக்குள் இருக்கும் நல்ல சுயோதனனைத் தனி உருவமாக நிறுத்தினார். இம்பாலில் 1976-இல் ‘கோரஸ் ரெப்பர்ட்டரி’யைத் தொடங்கிய ரத்தன் தியாம் இதையே மணிப்புரி மொழியில் ஆடியபோது தாங்-தா என்ற போர்க்கலையும் சங்கீர்த்தனமும் உள்ளே வந்தன. ஒரே பிரதிக்கு இரண்டு உடம்புகள்.

குறை இல்லாமல் இல்லை. ‘வேர்களைத் தேடும் நாடகம்’ என்ற பெயரும் அரசு உதவியும் விழா மேடைகளும் கிடைத்த பிறகு, முகத்தில் சாயமும் கையில் விளக்குமாக வந்த எல்லாமே மரபாகிவிட்டது. கண்ணுக்குக் குளிர்ச்சி, உள்ளே ஒன்றுமில்லை என்ற தயாரிப்புகள் பெருகின. சோபானமும் சில சமயம் அழகில் சொக்கி, பாஸனின் கோபத்தை மழுக்கிவிட்டது என்பது என் எண்ணம். மோகன்லால் கர்ணபாரத்தில் கர்ணனாக நின்றபோது கூட்டம் வந்தது. பாஸனுக்காக வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்கக் கூடாது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் குழுக்கள் ஒரே நடிகர்களை வருடக்கணக்கில் சேர்த்து வைத்துப் பழக்கின. ஒரு மாத ஒத்திகையில் பாஸன் வசப்படமாட்டார்.

இங்கே நம் கதைக்கு வரலாம். வட தமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் பதினெட்டாம் போர் அன்று, மண்ணால் செய்த பெரிய துரியோதனன் படுகளத்தில் கிடப்பான். கூத்துக்கார பீமன் தொடையில் அடிப்பான். திரௌபதி கூந்தலை முடிவாள். அது வெற்றி கொண்டவர்களின் பக்கம் நின்று சொல்லும் கதை. அடிபட்டவனின் பக்கம் நிற்பது ஊருபங்கம். படுகளத்தைச் சிறு வயதிலிருந்து பார்த்தவர்கள் கூடும் ஊரில், கூத்து அடவு தெரிந்த நடிகர்களைக் கொண்டு ஊருபங்கத்தைத் தமிழில் ஆடினால், கேரளமும் மணிப்பூரும் காட்டாத ஒன்று கிடைக்கும். காஞ்சிபுரத்தையே களமாக வைத்து பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசம் என்ற நாடகத்தைக்கூடச் சாக்கியார்கள்தான் கேரளக் கோயில்களில் காப்பாற்றி வைத்தார்கள். நம் சிறு குழுக்கள் வருடத்துக்கு ஒரு புதுப் பிரதி என்று ஓடுவதைக் கொஞ்சம் நிறுத்தி, இந்த இரண்டில் ஒன்றையாவது மூன்று வருடம் விடாமல் ஆடிப் பார்க்க வேண்டும்.