கேம்-கைனேஸ் 2

மூளையிலுள்ள புரதங்களில் உங்களுக்குப் பிடித்தது எது என்று யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. கேட்டால் தயங்காமல் கேம்-கைனேஸ் 2 என்பேன். நினைவோடு தொடர்புடைய மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸின் மொத்தப் புரதத்தில் 1 முதல் 2 சதவீதம் இதுதான். ஒரே நொதிக்கு இவ்வளவு இடமா!

அமைப்பே அழகு. பொதுவாகப் பன்னிரண்டு உறுப்புகள்; ஆறு ஆறாக இரண்டு அடுக்கு வளையம். ஒவ்வொன்றும் தன் வாயைத் தானே அடைத்துக்கொண்டு சும்மா கிடக்கும். நரம்பிணைப்பில் சேதி பலமாக வந்து, என்எம்டிஏ ஏற்பி திறந்து, கால்சியம் பாய்ந்தால், அதைப் பிடித்துக்கொண்ட கால்மோடுலின் வந்து அடைப்பை விலக்கும். அப்புறம்தான் வேடிக்கை. விழித்த உறுப்பு, பக்கத்தில் விழித்திருப்பதன் 286-ஆம் இடத்துத் திரியோனின்மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடுகிறது. கால்சியம் வடிந்தாலும் பாஸ்பேட் ஏறிய உறுப்பு உடனே உறங்காது. ஆம்பா ஏற்பிகள் நரம்பிணைப்பில் கூடுதலாக வந்து சேர, இணைப்பு பலப்படுகிறது.

1998-இல் எலிகளில் அந்த ஒரே அமினோ அமிலத்தை மாற்றிப் பார்த்தார்கள். நீந்தவிட்டுச் சோதித்தபோது, தண்ணீருக்கடியில் மறைந்த மேடை எங்கே என்பதை அவற்றால் கற்றுக்கொள்ள முடியவில்லை.

இப்படித் தனக்குத்தானே பாஸ்பேட் ஏற்றிக்கொள்ளும் கைனேஸ் நினைவின் சுவிட்சாக இருக்கலாம் என்று ஜான் லிஸ்மன் 1985-லேயே எழுதியிருந்தார். கவர்ச்சியான யோசனைதான். ஆனால் 2009-இல் நரம்பிணைப்பைத் தாங்கும் உயிருள்ள நரம்பு முள்ளுக்குள் நேரடியாகப் பார்த்தபோது, அந்த விழிப்பு ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் அடங்கிவிட்டது. நினைவோ வருடக்கணக்கில் நிற்கிறது. சுவிட்ச் என்பதைவிடத் தொடக்கிவைப்பது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. போதாக்குறைக்கு, இணைப்பைப் பலப்படுத்தத் தொடங்குவதற்கு இதன் நொதி வேலைகூடத் தேவையில்லை, என்எம்டிஏ ஏற்பியோடு போய் ஒட்டிக்கொண்டாலே போதும் என்கிறது 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு.