தெவிட்டிய பாகில் ஒரு நூல்

இனி ஒரு சிட்டிகைச் சர்க்கரையையும் ஏற்காத நிலையை அடைந்த கரைசலுக்கு வேதியியல் பாடநூல்கள் ‘தெவிட்டிய கரைசல்’ என்று பெயரிட்டிருப்பது, கலைச்சொல்லாக்கத்தில் அரிதாக வாய்க்கும் ருசியான பொருத்தம்; சர்க்கரையைப் பொறுத்தவரை அச்சொல் நீருக்கும் நாவுக்கும் ஒருங்கே செல்லும். அறை வெப்பத்தில் 100 கிராம் நீரில் 200 கிராமுக்குச் சற்று மேலும், கொதிநிலையில் 400 கிராமுக்கு மேலும் சர்க்கரை கரைகிறது. ஆறிய பின்னும் அந்தக் கூடுதலை உதறாமல் சுமந்து நிற்கும் ‘அதிதெவிட்டிய’ பாகில்தான் பிள்ளைகளின் கற்கண்டு வளர்கிறது.

ஒரு கிண்ணம் நீருக்கு மூன்று கிண்ணம் சர்க்கரை என்ற அளவில் பெரியவர்களே பாகு காய்ச்சித் தர வேண்டும். தோலில் ஒட்டிக்கொண்டு சுடுவதால் பாகு வெந்நீரைவிடக் கொடியது. பிள்ளைகளின் கைத்திறன் நூலில் இருக்கிறது. பருத்தி நூலை நனைத்து, சர்க்கரையில் புரட்டி, நன்கு உலர்த்திப் பென்சிலில் கட்டி, கண்ணாடித் தம்ளரின் அடியையோ சுவரையோ தொடாதவாறு, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பாகில் தொங்கவிடுகிறார்கள். நூலில் ஒட்டிய பரல்கள் வித்துப் படிகங்கள், அதாவது கரைசலில் அலையும் மூலக்கூறுகள் அடுக்கடுக்காக வந்தமரும் தொடக்க இடங்கள். ஈரம் காயாமல் இறக்கினால் அவை கரைந்து வெறும் நூலே மிஞ்சும். தென்மாவட்டங்களில் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் பனங்கற்கண்டும் இவ்வாறே நூலைப் பற்றி வளர்வதுதான்.

கற்கண்டின் தரத்தைப் பருமனைக் கொண்டன்று, முகங்களின் தெளிவைக் கொண்டே எடைபோட வேண்டும். விரைந்து ஆறிய பாகிலும், ஆவல் தாங்காமல் எடுத்தெடுத்துப் பார்க்கப்பட்ட தம்ளரிலும் எண்ணற்ற பொடிப் படிகங்கள் ஒருசேர முளைத்து, வெளிறிய கொத்தாக நெருக்கியடிக்கின்றன. எறும்புக்கு அஞ்சி நீர்த்தட்டில் வைத்து, மெல்லிய துணியால் மூடி, ஒரு வாரம் தீண்டாமல் விடப்பட்ட பாகிலோ சில படிகங்களே விளிம்பு கூர்ந்து, கண்ணாடிபோல் தெளிந்து வளர்கின்றன. (வண்ணப்பொடி கலப்பது இந்தத் தெளிவுக்குச் செய்யும் துரோகம்.) படிகம் சிறிதாயினும் பெரிதாயினும் ஒத்த முகங்களுக்கு இடைப்பட்ட கோணம் மாறாது என்று டென்மார்க்கின் நீல்ஸ் ஸ்டென்சன் 1669இல் குவார்ட்ஸைக் கண்டு எழுதியது, தம்ளரில் விளைந்ததற்கும் பொருந்தும்.

பலகாரத்துக்குப் பாகு காய்ச்சுவோர் அது பூத்துப்போகாதிருக்க எலுமிச்சைச் சாறு சில சொட்டு விடுவதுண்டு. அமிலம் சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிளந்து, அடுக்கின் ஒழுங்கைக் குலைக்கிறது. அடுக்களை அஞ்சும் அந்தப் பூப்புக்காகத்தான் இங்கே பிள்ளைகள் நாள் எண்ணிக் காத்திருக்கிறார்கள்.

விளைந்ததைத் தின்னுமுன் ஒரு துண்டை மட்டும் ஒதுக்கிவைப்பது நல்லது. சர்க்கரையை இருட்டில் சுரண்டினால் ஒளிரும் என்று பிரான்சிஸ் பேக்கன் 1620இலேயே குறித்திருக்கிறார். படிகம் முறிகையில் பிரியும் மின்னூட்டம் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தூண்டுவதே அதற்குக் காரணம். விளக்கணைத்த அறையில் கண் இருளுக்குப் பழகிய பின், பெரியவர் ஒருவர் பாக்குவெட்டியால் அத்துண்டை நறுக்க, அலகுகளுக்கிடையே மங்கிய நீலப்பொறி ஒன்று தோன்றி மறைகிறது.