கவர்னர் கையில் தேர்வடம்

ஆடி ஐந்தாம் வெள்ளியன்று வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் தேர், கவர்னர் வடம் தொட்ட பிறகுதான் நிலையை விட்டு நகரும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரி கவர்னர் வந்து இழுத்தார். 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறிய பிறகு அந்த இடத்துக்குத் துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வந்தார்கள். வில்லியனூர் திருக்காமீசுவரர் தேருக்கும் இதே மரபுதான். எல்லா மதத்தையும் ஒன்றுபோல நடத்துவோம் என்று சொல்லும் அரசின் தலைவர் அம்மன் தேரை இழுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மரபில் கைவைக்காதே என்பவர்கள் அதைவிட அதிகம். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கை யாருடையது, எந்தக் காலத்தில் வடத்தைத் தொட்டது என்று பாராமல் இந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

மதம் ஆட்சிக்குள் புகுந்தால் என்ன நடக்கும் என்பதைப் புதுச்சேரி பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பார்த்துவிட்டது. பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்த நைனியப்பப் பிள்ளைமீது கவர்னர் எபேர் காலத்தில் வழக்குப் போட்டு, 1716-ல் கசையடியும் சிறையும் அபராதமும் விதித்தார்கள். மறு ஆண்டே அவர் சிறையில் இறந்துபோனார். அந்தப் பதவியில் ஒரு கிறிஸ்தவர்தான் இருக்க வேண்டும் என்று சேசு சபைப் பாதிரிமார் நெடுநாளாக நெருக்கிவந்தது அந்த வழக்கின் பின்னணி. பிறகு அவர் குற்றமற்றவர் என்று ஆயிற்று. அவருடைய மகன் குருவப்பப் பிள்ளை பாரீசுக்குப் போய் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பி அதே பதவியில் அமர்ந்தார். அவருக்குப் பின் வந்த கனகராய முதலியும் கிறிஸ்தவரே. ஒரு வியாபாரக் கம்பெனியின் உத்தியோகத்துக்குக் கூட ஆளின் மதம் பார்க்கப்பட்டது.

அதன் உச்சம் 1748 செப்டம்பர். ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்தபோது, பாதிரிமார் கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. கவர்னர் துய்ப்ளேக்சும் அவர் மனைவி மதாமும் இதில் கொண்ட பங்கை ஆனந்தரங்கப் பிள்ளை மனம் வெதும்பி நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். கவர்னருக்கு மிக நெருங்கிய துபாஷ் அவர். அவராலேயே தடுக்க முடியவில்லை.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால், அதே பீடத்தில் பின்னாளில் அமர்ந்த ஒரு துரை அரியாங்குப்பத்துக்குக் கிழக்கே கடலோரக் குப்பத்துக்கு வந்து, மீனவர்களின் அம்மன் தேரில் கைவைத்தது சாதாரணச் சங்கதி இல்லை. வலையில் சிக்கி வந்த ஒரு மரக்கட்டையை அடுப்புக்காக வெட்டியபோது ரத்தம் கசிந்தது, அதுவே செங்கழுநீரம்மன் என்பது ஊர் சொல்லும் கதை. கடலில் கிடைத்த தெய்வம், மீன்பிடி ஊரின் தெய்வம். அதன் முன்னால் வேற்று மதத்து ஆட்சியாளர் செருப்பைக் கழற்றி நின்றபோது, உங்கள் சாமியில் நான் தலையிட மாட்டேன் என்ற உறுதி அதற்குள் இருந்தது. அங்கே மதம் அரசை ஆட்டிவைக்கவில்லை, அரசின் கையைக் கட்டியது. இந்த மரபின் பெரிய பலம் என்று நான் மதிப்பது இதைத்தான்.

இன்னொரு பலமும் உண்டு. வடம் பிடிப்பது ஆளல்ல, பதவி. எம்.ஓ.எச். ஃபரூக் என்ற முஸ்லிம் புதுச்சேரியில் முதலமைச்சராக இருந்திருக்கிறார். சீக்கியரான இக்பால் சிங் 2009 முதல் 2013 வரை துணைநிலை ஆளுநராக இருந்திருக்கிறார். நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் ஊர் அழைக்கிறது. நீ எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று அம்மன் வாசலில் யாரும் விசாரிப்பதில்லை. இதற்குச் சட்டத்தின் பின்பலமும் இல்லை. இலங்கையோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். கண்டி அரசர்கள் காத்த புத்த தந்தத்துக்கான மரியாதை ஒரு மரபாக இருந்தவரை ஒரு கதை. 1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்று எழுதி, 1978-ன் ஒன்பதாம் பிரிவு அதை உறுதிசெய்தபோது மரபு அரசின் கடமையாகிவிட்டது. அதற்குத் தமிழர்கள் கொடுத்த விலை நமக்குத் தெரியும். வீராம்பட்டினத்து மரபால் எந்தக் குடிமகனின் உரிமையும் ஒரு அணா குறையவில்லை.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். 1954-க்குப் பின் வடத்தைப் பிடிக்கும் கை மாறியது, அதோடு செயலின் பொருளும் மாறியது. வேற்று மதத்துத் துரை வணங்கினால் அது அடக்கம். ஊரின் வாக்கைக் கேட்டு நிற்கும் அரசியல்வாதி அதே ஊரின் சாமி முன்னால் நின்றால் அது பாதி பக்தி, பாதி பிரசாரம். எது எவ்வளவு என்று பிரிக்க அவராலும் முடியாது. காவல்துறை வளையம், முதல் மரியாதை, பரிவட்டம், சுற்றிலும் கட்சிக்காரர்கள், கேமராக்கள். ஆட்சியாளர்கள் சில அடி இழுத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுகிறார்கள். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டு, மூலை திரும்பும்போது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தேரை நிலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பவர்கள் ஊர்க்காரர்கள். மறுநாள் செய்தித்தாளில் வருவது அந்தச் சில அடி மட்டும்.

1951 மே மாதம் சோமநாதர் கோயில் விழாவுக்குக் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் போனதை நேரு விரும்பவில்லை. மசூதியோ மாதா கோயிலோ அழைத்தாலும் போவேன் என்பது பிரசாத்தின் பதில். அந்தப் பதில் சரியானது, ஆனால் அதை நடந்து காட்ட வேண்டும். வில்லியனூர் லூர்து மாதா திருவிழாவுக்கும் தர்கா கந்தூரிக்கும் இதே பதவியாளர்கள் இதே மரியாதையோடு, தேர்தல் இல்லாத ஆண்டிலும் போகிறார்களா என்பதே உரைகல். போகிறபோது வீராம்பட்டினத்து வடம் எல்லோருக்கும் பொதுவாகிறது. போகாதபோது அது ஒரு மதத்தின் கொடியாக மாறத் தொடங்குகிறது.

ஆட்சியாளர் வடம் பிடிப்பதைவிட அரசு கோயிலைப் பிடிப்பது எனக்கு அதிகக் கவலை தருகிறது. பக்கத்துச் சென்னை ராஜதானியில் 1817-ன் ஏழாம் ஒழுங்குவிதி கோயில் நிர்வாகத்தை ஆங்கிலக் கம்பெனியின் மேற்பார்வையில் கொண்டுவந்தது. தேர் ஓட வேண்டுமென்று குடியானவர்களை வேலையாட்களை விட்டு இழுத்துவந்து வடத்தில் பூட்டினார்கள். இப்படிக் கோயில் காரியத்தில் அரசு கலந்திருப்பதை எதிர்த்து, படைத்தளபதி மைட்லண்ட் 1838-ல் பதவியைத் துறந்தார். அவர் கிறிஸ்தவ மனச்சாட்சியோடு பேசினார். வற்புறுத்தி இழுக்கவைக்கும் தேரில் பக்தி இல்லை என்பதை ஒரு இந்துவும் ஒப்புக்கொள்வார்.

புதுச்சேரியில் இன்று கோயில்களை ஆள்வது 1972-ன் இந்து சமய நிறுவனங்கள் சட்டம். அறங்காவலர்களை அரசு நியமிக்கிறது. ஆளுங்கட்சி மாறும்போது அறங்காவலர் முகமும் மாறுகிறது. அரசு முழுக்க விலகட்டும் என்று சொல்ல நான் தயாரில்லை. விலகிய இடத்தில் சாதியும் பணமும் உட்காரும் என்பதைச் சிவகங்கை மாவட்டத்துக் கண்டதேவி காட்டியிருக்கிறது. அங்கே தலித் மக்கள் வடம் தொடும் உரிமைக்காகத் தேர் ஆண்டுக்கணக்கில் நின்று, நீதிமன்றமும் காவல்துறையும் துணைநின்று 2024-ல் மீண்டும் ஓடியது. அரசின் கை தேவைப்படும் இடம் அது. ஆனால் அதே அரசின் காவலில் இருந்த புதுச்சேரி காமாட்சியம்மன் கோயில் நிலம் போலிப் பத்திரத்தில் கைமாறியதாக வழக்கு எழுந்து, அரசு அதிகாரிகளும் கைதானார்கள். சாமி சொத்தைக் காக்க வந்தவர்கள்மீதே சந்தேகம் எழுந்த பின், ஆட்சியாளர் வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதை எப்படி எடுத்துக்கொள்வது?

2021 ஆகஸ்ட் கடைசியில் சுருக்குமடி வலைத் தகராறில் வீராம்பட்டினத்து மீனவர்களும் நல்லவாட்டு மீனவர்களும் மோதிக்கொண்டார்கள். போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டது. எந்த வலை போடலாம், எவ்வளவு தூரத்தில் போடலாம் என்று சட்டத்தை ஒழுங்காக முன்கூட்டி அமல்படுத்தியிருந்தால் துப்பாக்கிக்கு வேலை வந்திருக்காது. தேருக்கு வரும் அரசு வலைக்கும் வர வேண்டும் என்று ஊர் கேட்பதில் தப்பே இல்லை. அம்மனிடம் காட்டும் பணிவை அம்மனின் பிள்ளைகளுக்கான நிர்வாகத்தில் காட்டாவிட்டால், ஆடி வெள்ளியின் அந்தச் சில அடி ஊரை ஏய்ப்பதாகவே முடியும்.

ஆகவே மரபை நிறுத்தச் சொல்ல மாட்டேன், அதன் தோரணையை மாற்றச் சொல்வேன். ஆளுநரும் முதல்வரும் ஊர்ப் பஞ்சாயத்தின் விருந்தாளிகளாக வரட்டும். காவல் வளையம் வடத்தைச் சுற்றி இல்லாமல் கூட்ட நெரிசலைத் தடுக்க நிற்கட்டும். பரிவட்டம் தேரை ஓட்டும் தச்சனுக்கும் கட்டை போடுபவருக்கும் முதலில் கட்டப்படட்டும். அறநிலையத்துறை தன் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு கோயிலின் நிலம், நகை, உண்டியல் கணக்கையும் ஆண்டுதோறும் ஆடி பிறப்பதற்குள் கொம்யூன் வாரியாக அந்தந்தக் கோயில் வாசலிலேயே தமிழில் ஒட்டிவைக்கட்டும். வடம் பிடிக்க வரும் அமைச்சர் முதலில் அதைப் படித்துவிட்டு உள்ளே போகட்டும்.