‘தாய்மார்களே’ என்று தொடங்கும் அறிவுரை

குழந்தைகளின் பற்சொத்தை பற்றிய அறிவுரைகளை ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள். பால்பாட்டிலோடு தூங்க விடாதீர்கள். இனிப்பைக் குறையுங்கள். இரவு படுக்கும் முன் நீங்களே பல் துலக்கிவிடுங்கள். இந்த வாக்கியங்களில் எழுவாய் இல்லை. ஆனாலும் யாரைச் சொல்கிறார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. சில தாள்கள் ‘தாய்மார்களே’ என்று வெளிப்படையாகவே தொடங்கிவிடுகின்றன.

நோயின் பெயரிலும் இதே சுட்டுவிரல் இருந்தது. 1962இல் எலியாஸ் ஃபாஸ் என்ற பல் மருத்துவர் சிறு குழந்தைகளின் பற்சிதைவைப் பால்பாட்டிலோடு தொடர்புபடுத்தி எழுதினார். ‘நர்சிங் பாட்டில் கேரிஸ்’ என்ற பெயர் மருத்துவ வழக்கில் நிலைத்தது. பாட்டில் யார் கையில் இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டில் மட்டுமே காரணமல்ல என்று தெளிவான பின், 1994இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கூட்டிய பயிலரங்கில் ‘இளங்குழந்தைப் பருவப் பற்சிதைவு’ என்ற பொருள்படும் பெயர் முன்வைக்கப்பட்டது. பெயர் திருந்தியது, அறிவுரையின் தொனி அவ்வளவாகத் திருந்தவில்லை.

அறிவுரையில் சொல்லப்படும் அறிவியலோடு நமக்குச் சண்டை இல்லை. பல்லைப் பூச்சி தின்பதில்லை. வாயிலுள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் தாதுக்களைக் கரைக்கிறது. தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் இரவில் வாயில் தங்கும் இனிப்பு அதிகம் கெடுக்கிறது. மேல்முன்பற்களின் ஈறோரத்தில் சுண்ணாம்பு தீற்றியதுபோல் வெள்ளைக்கோடு தெரிந்தால் அதுவே தொடக்கம். அந்த நிலையில் ஃபுளோரைடு கொண்டு சிதைவை நிறுத்த முடியும். மூன்று வயதுக்குள் அரிசி அளவும், அதன்பின் பட்டாணி அளவும் ஃபுளோரைடு பற்பசை போதும். ‘விழப்போகிற பல்தானே’ என்று விட்டுவிடவும் முடியாது. பால் கடைவாய்ப்பற்கள் பத்துப் பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியவை. சொத்தைப்பல் வலியில் குழந்தை சாப்பிடாது, தூங்காது. உலக அளவில் சுமார் 51 கோடிக் குழந்தைகளுக்குப் பால்பற்களில் சிகிச்சை பெறாத சொத்தை இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை.

இத்தனையும் உண்மை. இதைச் செய்வதற்கான நேரம் யாரிடம் இருக்கிறது என்பதே நம் கேள்வி.

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால், ஒரகடம் என்று நீளும் ஆலைப் பகுதியில் பொழுதைத் தீர்மானிப்பது ஷிப்ட். இரண்டாம் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குபவள் வீடு சேரும்போது குழந்தை தூங்கி வெகுநேரமாகியிருக்கும். ‘இரவு படுக்கும் முன்’ என்று தாளில் அச்சாகியிருப்பது அவளுடைய வேலை நேரம். குழந்தை பக்கத்து வீட்டு அக்காவிடமோ, ஊரில் அம்மாவிடமோ மாமியாரிடமோ இருக்கும். அழுகையை அமர்த்த ஒரு ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலம் பிரிபடும். இதை அறியாமை என்பவர்கள், அந்த வீட்டில் தீர்ந்துபோயிருப்பது நேரம் என்பதைக் கவனிப்பதில்லை.

இந்தப் பகுதி பெண் தொழிலாளியை எப்படிக் கற்பனை செய்கிறது? 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் சிப்காட் விடுதி திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் ஐபோன் பிரிவில் குடும்பப் பொறுப்பையும் கர்ப்பத்தையும் காரணம் காட்டித் திருமணமான பெண்கள் ஒதுக்கப்படுவதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பாகுபாடு காட்டுவதாகக் கூறுவதை நிறுவனம் மறுத்தது. பாதுகாப்பான விடுதி வேண்டியதுதான். ஆனால் படுக்கைகளை இவ்வளவு துல்லியமாக எண்ணத் தெரிந்த திட்டமிடலில் தொட்டில்கள் எங்கே?

சட்டத்தில் தொட்டிலுக்கு இடமுண்டு. 1948 தொழிற்சாலைகள் சட்டம், 30க்கு மேல் பெண்கள் வேலைசெய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. பெண்களை மட்டும் எண்ணும் கணக்கு அது. 2017 மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் 50 ஊழியர்கள் என்று ஆணையும் சேர்த்து எண்ணியது. ஆனால் காப்பகத்துக்கு நாளில் நான்கு முறை போய்வரும் உரிமையைப் பெண்ணுக்கே எழுதியது. அறிவுரைத் தாளில் காணாமல்போன அப்பா இங்கேயும் காணவில்லை.

வேறு வழிகள் இருக்கின்றன. ஸ்காட்லாந்தின் ‘சைல்ட்ஸ்மைல்’ திட்டத்தில் மழலையர் பள்ளிகளே தினமும் குழந்தைகளைப் பல் துலக்க வைக்கின்றன. அதற்கு ஆகும் செலவைவிட சிகிச்சையில் மிச்சமாகும் தொகை அதிகம் என்று ஆய்வு காட்டியது. நம்மிடம் 1975 முதல் அங்கன்வாடி இருக்கிறது. பெயர் எழுதிய பிரஷ்களும் ஒரு பற்பசைக் குழாயும் அங்கே இருக்க முடியாதா? முடியும். ஆனால் ஒரு எச்சரிக்கை: அங்கன்வாடியில் இருப்பவர்களும் பெண்கள்தாம். ஒன்றிய அரசு அவர்களுக்குத் தருவதை இன்றும் மதிப்பூதியம் என்றே அழைக்கிறது. தாயின் தோளிலிருந்து இறக்கிய சுமையை, கூடுதல் ஊதியமும் ஆளும் தராமல் இன்னொரு பெண்ணின் தோளில் ஏற்றுவது விடுதலை ஆகாது.

அடுத்த தாளை எழுதுபவர்கள் எழுவாயோடு எழுதட்டும். ஆலை நிர்வாகம் எல்லா ஷிப்டுக்கும் காப்பகம் நடத்த வேண்டும். அரசு அங்கன்வாடிக்குப் பிரஷும் பற்பசையும் கூடுதல் ஆளும் தர வேண்டும். அம்மா ஷிப்டில் இருக்கும் இரவில் அப்பா துலக்கிவிட வேண்டும். அதன்பிறகு தாய்மார்களிடம் பேசலாம். அவர்களும் காதுகொடுத்துக் கேட்பார்கள்.