காவலும் சிறையும்: மணிமேகலையின் இரு காதைகளும் இன்றைய பாதுகாப்புச் சட்டமும்

தமிழில் ‘காவல்’ என்னும் ஒரு சொல்லே இருபொருள் தாங்கி நிற்கிறது. ஒருவரைத் தீங்கினின்று காப்பதும் காவல். அவரை வெளியேற விடாது வைத்திருப்பதும் காவல். மணிமேகலைக் காப்பியத்தின் சிறைசெய் காதையில், தன் மகன் உதயகுமரன் காஞ்சனனின் வாளால் மாண்ட செய்தியைக் கேட்ட சோழ வேந்தன், தவத்தோர் நோன்பும் மகளிர் கற்பும் அரசனது காவலால்தான் நிலைபெறும் என்கிறான். அதே பேச்சில் மணிமேகலையைக் காவலில் வைக்கவும் பணிக்கின்றான். அவளைக் காப்பதற்கா, தண்டிப்பதற்கா என்பதை அவன் விளக்கவில்லை. காதையின் பெயரோ ஐயத்திற்கு இடமின்றி ‘சிறை’ என்கிறது.

இக்காதையையும் இதனை அடுத்து வரும் சிறைவிடு காதையையும் பௌத்த அறக்கோட்பாட்டின் விளக்கமாகவோ மந்திர ஆற்றலின் அற்புதமாகவோ கொள்வதே நம் வகுப்பறைகளில் பெருவழக்கு. தன்னைக் காத்துக்கொள்ள இயலாதவர் என்று பிறரால் முடிவுகட்டப்பட்ட ஒருவருக்கு, காப்பின் பெயரால் என்னென்ன நேரலாம் என்பதை ஆராயும் பகுதிகளாகவும் இவற்றைப் படிக்க இயலும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

இவ்வாறு படிக்கத் தூண்டுவது சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2018 மே மாதம் நிறைவேற்றி, அவ்வாண்டு டிசம்பர் 19ஆம் நாள் நடப்புக்கு வந்த சட்டம். எளிதில் பாதிப்புக்குள்ளாகும் பெரியவர்களுக்கான சட்டம் என அதனைத் தமிழிற் சொல்லலாம். (‘பெரியவர்’ என்றவுடன் நம் செவியில் ‘முதியவர்’ என்றே விழுகிறது, சட்டம் கருதுவதோ 18 வயது நிறைந்த எவரையும். இளம் வயதினரான உடற்குறையுடையோரும் இதில் அடங்குவர் என்பதை இச்சொல் மறைத்துவிடுகிறது.) உடல் அல்லது உள நலிவாலோ குறைபாட்டாலோ கொடுமை, புறக்கணிப்பு, தன்னைத் தானே பேணாமை ஆகியவற்றினின்று தம்மைக் காத்துக்கொள்ள இயலாதவரை அச்சட்டம் கருத்திற் கொள்கிறது. வீட்டினுள் நுழையவும், அவரது நிலையை மதிப்பிடவும், வேண்டுமிடத்துப் பாதுகாப்பான இடத்திற்கு மாற்றவும் அது வழிசெய்கிறது. அதனுடன், மனத்திறன் குன்றாதவர் எவ்வாறு வாழ்வது, உதவியை ஏற்பதா மறுப்பதா என்பதைப் பொதுவாக அவரே நன்கு தீர்மானிக்கவல்லவர் என்றும், ஒரே பயனைக் குறைந்த கட்டுப்பாட்டால் அடைய முடியுமா என்று நோக்க வேண்டும் என்றும் நெறி வகுக்கிறது.

சிறைவிடு காதைக்கு வருவோம். மகனை இழந்த அரசி இராசமாதேவி தன் சினத்தை மறைத்துக்கொண்டு, மணிமேகலையைச் சிறையினின்று விடுவிக்குமாறு வேந்தனை வேண்டுகிறாள். அவள் ஆளும் மொழி கூர்ந்து நோக்கத்தக்கது. மணிமேகலை தன்னுடன் தங்கினாலும் தங்கலாம், பிச்சைப் பாத்திரம் ஏந்திப் புறப்பட்டாலும் தடுப்பாரில்லை என்று அவள் கூறுவது, உரிமையை மதிப்பவரின் பேச்சாகவே ஒலிக்கிறது. வேந்தனும் இசைகின்றான். அதன் பின்னர் நிகழ்வன யாவும் அரண்மனையின் உள்ளே நிகழ்கின்றன. முதலில் அறிவை மயக்கும் மருந்து ஊட்டப்படுகிறது. அடுத்து, அவளைக் கெடுக்குமாறு பொருள் கொடுத்து இளைஞன் ஒருவன் ஏவப்படுகிறான். இரண்டும் பயன்படாதபோது, இல்லாத நோய் ஒன்றை அவள்மேல் ஏற்றி, உணவின்றிப் புழுக்கறையில் அடைக்கின்றாள் அரசி.

இம்மூன்றனுள் மூன்றாவதே மிகக் கொடியது என்பது என் துணிபு. முதலிரண்டும் வெளிப்பட்டால் குற்றமெனப்படும். மூன்றாவது வெளிப்பட்டாலும் பரிவெனவே தோன்றும். நோயுற்றவளை அரசியே தன் மாளிகையில் வைத்துப் பேணுகிறாள் என்பதற்கு மேல் புறத்தாருக்கு என்ன தெரியும்? மருத்துவர் வந்து பார்த்ததாகவும் காப்பியத்திற் செய்தியில்லை. நோய் என்று சொல்பவரே அடைப்பவராகவும் இருக்கின்றார். சிங்கப்பூரின் 2008ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம், ஒருவருக்குத் திறன் இல்லை என நிறுவப்படும்வரை திறன் உண்டு என்றே கொள்ளவேண்டும் என்கிறது. அறிவுக்கு ஒவ்வாத முடிவை எடுத்தார் என்பதால் மட்டும் அவரைத் திறனற்றவர் எனக் கருதலாகாது என்றும் சொல்கிறது. நோய்ப்பெயர் ஒருவரது சொல்லைப் பறித்துவிடும் என்பதை அறிந்தோர் இயற்றிய விதி இது. சாத்தனாரும் அதனை அறிந்திருந்தார்.

ஆயின் சாத்தனார் தரும் தீர்வு நமக்கு உதவாது. மறுபிறப்பு உணர்ந்தவள் ஆகையால் மருந்து அவளை மயக்கவில்லை; வேற்றுருக் கொள்ளும் மந்திரத்தால் ஆணுருவெய்தி இளைஞனிடமிருந்து தப்புகிறாள்; பசியொழிக்கும் மந்திரத்தால் புழுக்கறையிலும் வாடாதிருக்கிறாள். சமயக் காப்பியத்திற்கு இது பொருந்தும். மந்திரம் அறியாத ஒருத்தி அவ்வறையில் என்ன ஆகியிருப்பாள் என்ற வினாவைக் காப்பியம் எழுப்பாமலே கடந்துவிடுகிறது.

மந்திரமில்லாத ஒருவன் அக்காதையில் உண்டு. அவன்தான் அந்த இளைஞன். ஆணுருவைக் கண்டு திகைத்தவன், ஏதோ சூழ்ச்சி என உணர்ந்து, அரசிக்கு அஞ்சி நகரையே விட்டுச் செல்கிறான். வேந்தனிடமோ அறவண அடிகளிடமோ அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. உரையாசிரியர்கள் அவனைக் ‘கல்லா இளைஞன்’ என்ற அளவில் விட்டுவிடுகின்றனர். அரண்மனையின் உள்ளே நிகழ்ந்ததை அறிந்து வெளியே வந்த ஒரே மனிதன் அவன் என்பதை நாமேனும் விட்டுவிடலாகாது. 2018ஆம் ஆண்டுச் சட்டம் நல்லெண்ணத்துடன் தகவல் தருவோரின் அடையாளத்தைக் காக்க முனைவது இத்தகைய அச்சத்தை எண்ணியே.

காப்பியத்தின் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிய காதை யாவராலும் போற்றப்படுவது. அதற்கு முன்னரே மதுரையில் ஆபுத்திரன் பார்வையற்றோர், செவிப்புலன் இழந்தோர், நடக்கவியலாதோர், பேணுவாரற்றோர், பிணியாளர் ஆகியோரை அழைத்து உண்பித்து, எஞ்சியதைத் தான் உண்கிறான். அவன் யாரையும் அடைத்து வைக்கவில்லை. அழைக்கிறான், அவர்கள் வருகின்றனர். இது காப்பியத்தின் உயர்ந்த இடம் என்பதில் ஐயமில்லை. எனினும் அக்கூட்டத்தில் ஒருவருக்கேனும் பெயர் இல்லை, பேச்சு இல்லை. அவர்கள் பட்டியலாகவே வந்து, உண்டு, மறைகின்றனர். உணவன்றி வேறு எது வேண்டும் என்று அவர்களிடம் கேட்டவர் எவரும் இல்லை. ஈதல் அறத்தை ஏற்றிப் பாடும் நம் மரபு பெறுவோரின் விருப்பத்தைப் பெரும்பாலும் இவ்வாறே கடந்து சென்றுள்ளது. இதனைக் குறையெனச் சொல்வது காப்பியத்தைத் தாழ்த்துவதாகாது.

அடுத்த காதையில் சித்திராபதி அரசியிடம் வந்து, மணிமேகலையைத் தன் இல்லத்திற்குத் தருமாறு கேட்கிறாள். குருதியுறவின் உரிமை அது. அவளைக் கணிகைத் தொழிலுக்குத் திருப்பும் நோக்கமும் அதனுள் உண்டு. மனம் மாறியிருந்த அரசி மறுக்கிறாள். தருவதற்கும் மறுப்பதற்கும் இடையே நடந்த இவ்வுரையாடலில் மணிமேகலையின் கருத்து கேட்கப்படவில்லை. பின்னர் அறவண அடிகளும் மாதவியும் சுதமதியும் வந்தபோதுதான் அவள் தன் போக்கைத் தானே உரைக்கிறாள்: இந்நகரில் இருந்தால் மன்னன் மகனுக்குக் கூற்றானவள் என்று ஊர் தூற்றும், ஆகவே ஆபுத்திரன் நாட்டுக்குச் செல்வேன் என்பது அவள் முடிவு. அம்முடிவு அறிவார்ந்ததா என்று அடிகள் அவளை வினவவில்லை.