உயரத்தை எல்லோரும் பார்த்தார்கள்

இலங்கை வலைப்பந்தாட்ட வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தின் உயரம் 208 சென்ரிமீற்றர். வலைப்பந்தாட்ட வளையம் இருப்பது 3.05 மீற்றரில். இவ்விரு இலக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இந்தப் பிள்ளையை இனங்காணப் பயிற்றுநர் எதற்கு என்றுதான் தோன்றும். 2019இல் லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் அவர் போட்ட கோல்கள் 348. தொடரிலேயே அதுதான் அதிகம். அப்போதும் "அவ நெடுவல், அதால போடுறா" என்று சொல்லிக் கடந்து போனவர்கள் யாழ்ப்பாணத்திலேயே உண்டு.

அந்தக் கதையை நான் ஏற்கவில்லை. கோல் வட்டத்துக்குள் அவர் பந்தெடுப்பதை வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். முன்னும் பின்னும் இரண்டு பேர் மறிக்கிறார்கள். தலைக்கு மேலே வரும் பந்தைக் கை நீட்டி எடுக்கவேண்டும், ஊன்றிய காலைத் தூக்கித் திரும்ப வைக்கக்கூடாது, மூன்று வினாடிக்குள் எய்துவிட வேண்டும். கூடைப்பந்துக்கு இருப்பதுபோல் பின்னால் பலகை இல்லை, பட்டுத் தெறித்து விழும் என்று நம்பமுடியாது. மணிக்கட்டும் விரல் நுனியும் ஒவ்வொரு தடவையும் ஒரேமாதிரி வேலை செய்தாக வேண்டும். நெடிய உடம்புக்குச் சமநிலை இன்னும் கடினம். இவ்வளவும் பிறப்போடு வந்ததல்ல. ஒருவர் பக்கத்தில் நின்று திருத்த, இவர் சலிக்காமல் எய்து பழகியது. அவருடைய கைக்கு எட்டும், மறிப்பவர் கைக்கு எட்டாத உயரத்தில் பந்தைக் கொடுக்க மற்றவர்களும் பழக வேண்டியிருந்தது. திலகா ஜினதாச பயிற்றுவித்த இலங்கை அணி 2018இல் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணத்தை வென்றது அப்படித்தான்.

இதை யாழ்ப்பாணத் தீவகத்து நாரந்தனைக்குக் கொண்டுவந்து பார்ப்போம். தீவகத்தில் ஒரு பிள்ளை கண்ணில் படுவது இல்ல மெய்வல்லுநர் போட்டியில்தான். முதலிடமும் இரண்டாமிடமும் கோட்டத்துக்குப் போகும், பிறகு வலயம், மாகாணம். நான்காவதாக வந்த பிள்ளையை யார் கவனிக்கிறார்கள்? 16 வயதுப் பிரிவு என்றால், 14 முடிந்த கையோடு வந்ததும் 16ஐத் தொடப்போவதும் ஒரே கோட்டில் நிற்கின்றன. அந்த வயதில் ஏறக்குறைய இரண்டு வருடம் என்பது அரை ஆள் வித்தியாசம். கனடாவில் ரோஜர் பார்ன்ஸ்லி பனி ஹொக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்து 1985இல் எழுதியதும் இதுவே: தெரிவானவர்களில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள், அதாவது தம் வயதுப் பிரிவில் மூத்தவர்கள், அளவுக்கு மீறி இருந்தார்கள். முந்தி வளர்ந்ததைத் திறமை என்று எண்ணித் தெரிவு செய்திருக்கிறார்கள்.

நல்ல பயிற்றுநர் ஓடி முடித்த நேரத்தோடு நிற்பதில்லை. ஒரு பிழையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அடுத்த கிழமை அது எவ்வளவு திருந்தியிருக்கிறது என்று பார்ப்பார். தோற்ற அன்று மாலையும் பிள்ளை மைதானத்துக்கு வருகிறதா என்று பார்ப்பார். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியில் அனித்தா ஜெகதீஸ்வரன் பயிற்றுநர் சுபாஸ்கரனிடம் கோலூன்றிப் பாயப் பழகி, 2017இல் 3.55 மீற்றர் பாய்ந்து தேசிய சாதனை வைத்தார். தடியும் மெத்தையும் கிடைப்பதே பெரும்பாடான ஒரு விளையாட்டில், கொழும்பிலல்ல, வடக்கில் இருந்த பயிற்றுநரே அந்தச் சாதனையை உருவாக்கினார்.

தீவுப் பிள்ளைக்கு இந்த வாய்ப்பு இன்னும் தொலைவு. பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாண நகரிலுள்ள துரையப்பா விளையாட்டரங்குக்குப் போய்ப் பழகினால், திரும்பும் பஸ்ஸை நினைத்தே பயிற்சியைப் பாதியில் முடிக்கவேண்டும். ஆகவே பயிற்றுநர்தான் பாலத்தைக் கடந்து இங்கே வரவேண்டும், கிழமைக்கு ஒருநாளாவது.

தீவக வலய உடற்கல்வி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த முறை முதல் இரண்டு பெயர்களோடு நிறுத்தாமல், ஆறாவது வரை எழுதி வையுங்கள். பக்கத்தில் பிறந்த திகதியையும் எழுதுங்கள். மூன்று மாதம் பழக்கிவிட்டு, அதே பிள்ளைகளைத் திரும்ப ஓடவிட்டுப் பாருங்கள். தெரிவை அதற்குப் பிறகு செய்யுங்கள்.